ஊருக்கெல்லாம் ஒரே தவளை

இன்ஸ்பெக்டர் ப்ரூவெட்டுக்கு ஒரு சொல் கிடைத்திருந்தது. சிந்திக்கப் பழகாத ஆளுக்கு ஒரே ஒரு சொல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஹார்ஸ்லி ஊர் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நடையே மாறிவிட்டது. ஸ்டேஷன் வராந்தாவில் நெஞ்சை நிமிர்த்தி முன்னும் பின்னும் போய்வந்தார்.

"தவளை," என்றார். "அடிபட்டுக் கிடந்தாரே, வயலின் வில் செய்யற ஆர்ப்வுட் கிழவர், அவர் வாயிலேர்ந்து வந்த கடைசிச் சொல். தவளை. அதுக்கப்புறம் நினைவே திரும்பல. நாளையைத் தாண்ட மாட்டார்ங்கறார் டாக்டர்."

துப்பறியும் மிஸ் ஹெஸ்டர் ப்ளைத் குடையை மடக்கினாள். வெளியே தூறல். ஏப்ரல் மாதத்து ஹார்ஸ்லியில் தூறாத நாளைத்தான் செய்தித்தாளில் போடுவார்கள்.

"யார்கிட்ட சொன்னாராம்?"

"அவர் அண்ணன் மகன் லயனல்கிட்ட. அவர்தானே முதல்ல போய்ப் பார்த்தது. தலையை மடியில வச்சுக்கிட்டிருக்கும்போது சொல்லியிருக்கார்."

"அதனால ஆல்ஃப் டகெட்ட உள்ள போட்டுட்டீங்க."

"டகெட் கொத்தன். செங்கல்லோட ஒரு முகத்துல பள்ளம் இருக்கும், பாத்திருக்கீங்களா? அதுக்குக் கொத்தனுங்க பாஷையில தவளைன்னு பேரு. எனக்கே தெரியாது. லயனல் சார்தான் விளக்கினார், படிச்ச மனுஷன். கிழவரோட பட்டறைக்குப் பின்னால தோட்டச் சுவர் கட்டினவன் டகெட். சுவரை இடிச்சுப் பார்த்தோம். கிழவரோட தங்கப்பூண் போட்ட வயலின் வில் உள்ளேயே இருந்தது." ப்ரூவெட் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், வில் அதிலேயே இருப்பதுபோல. "திருடும்போது அடிச்ச அடி. கிழவர் கண்ண மூடினா தூக்கு. சட்டம் தெளிவா இருக்கு."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோரா டகெட் தலையைத் தூக்கவில்லை. மூன்று நாளாக அதே பெஞ்சில்தான் இருக்கிறாள். கணவனுக்காகக் கொண்டுவந்த பன்றிக்கறி சாஸேஜ் காகிதப்பொட்டலத்திலேயே எண்ணெய் ஊறிக் கிடந்தது. மிஸ் ப்ளைத்தை இந்த வழக்கில் இழுத்து விட்டவள் அவள்தான்.

மிஸ் ப்ளைத்தின் உதவியாள் ஸ்டான் பிக்லிக்கு அந்தத் தூக்கு என்ற வார்த்தை பிடிக்கவில்லை. பிடிக்காததைக் கேட்டால் அவனுக்கு வாய் அரிக்கும். அது அவன் பிறவிக்கோளாறு.

"சார், நீங்க பட்டாளத்துல சார்ஜண்டா இருந்தவராச்சே," என்றான்.

"இருந்தேன். அதுக்கென்ன?"

"துப்பாக்கிக் கத்தி உறையை இடுப்பு வார்ல மாட்ட ஒரு தோல்பட்டி குடுப்பாங்களே. அதுக்கு என்ன பேரு சார்?"

ப்ரூவெட் மீசையைத் தடவினார். "தவளை," என்றார் மெதுவாக.

"அப்போ கிழவர் உங்களைத்தான் சொல்லியிருக்கார். கையை நீட்டுங்க, விலங்கை நானே மாட்டி விட்டுடறேன்."

"பிக்லி," என்றாள் மிஸ் ப்ளைத். அதட்டல் இல்லை. அவன் சொன்னதை அவள் ரசித்தாள் என்பது குடையின் நுனி தரையில் தட்டிய விதத்தில் தெரிந்தது. "இன்ஸ்பெக்டர், அந்த வில்லோட கைப்பிடிப் பக்கத்துல குதிரைமயிரை இழுத்துக் கட்டற கட்டைக்கு என்ன பேருன்னு கேட்டீங்களா?"

"அது எதுக்கு?"

"அதுக்கும் தவளைதான் பேரு. வில் செய்யறவர் வாழ்நாள் முழுக்க அதைச் செதுக்கினவர். கண்ணை மூடற நேரத்துல அவர் வாயில தவளை வந்தா அது கொத்தனார் தவளையா இருக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"லயனல் சார்தான்..."

"நினைச்சேன்," என்று சொல்லிவிட்டு அவள் தூறலுக்குள் இறங்கினாள்.



மதியச் சாப்பாட்டு நேரத்தில் 'வெள்ளை மான்' மதுக்கடையில் பாதி ஊர் இருந்தது. மீதி ஊர் அங்கே வந்துகொண்டிருந்தது. கொத்தன் கைதான நாளிலிருந்து தவளையைத் தவிர வேறு பேச்சில்லை. பீர் நுரையும் தவளையும் வினிகர் ஊற்றிய உருளை வறுவலும்.

"தவளைன்னா குதிரைக் குளம்புக்கு அடியில இருக்கற சதைய்யா," என்றார் லாடம் அடிக்கிற கிர்பி. எதிரில் இருந்தவர் மேல் பன்றிக்கறி அடைத்த ரொட்டித் துணுக்குகள் தெறித்தன. "முக்கோணமா, மெத்துன்னு. எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அதுக்குத்தான் அந்தப் பேரு. மத்தவனெல்லாம் எங்ககிட்ட இரவல் வாங்கினவன்."

"உங்க தாத்தன் கிடக்கறான்," என்றார் தண்டவாள வேலை மேஸ்திரி விக். "ரெண்டு தண்டவாளம் ஒண்ணை ஒண்ணு வெட்டற இடத்துல வார்ப்பிரும்பு போடுவோமே, அதான்யா தவளை. அது இல்லன்னா நீ லண்டன் போற ரயில்ல ஏறிப் பன்னிப்பண்ணையில இறங்குவ."

"இறங்கினா உன்னைப் பாக்கலாம்."

பிக்லி ஒரு டம்ளர் பீரோடு இருவருக்கும் நடுவில் நுழைந்தான். "தொண்டை கட்டினா அதையும் தவளைம்பாங்க. எனக்கு இப்போ தொண்டையில ஒரு தவளை இருக்கு, நேத்து மழையில நனைஞ்சேன். போலீசுக்குச் சொல்லிடாதீங்க, என்னையும் பிடிச்சிடப் போறாங்க."

கடை சிரித்தது. மிஸ் ப்ளைத் சிரிக்கவில்லை. அவளுக்கு இந்த ஊர்மேல் ஏற்கெனவே பெரிய மதிப்பில்லை. இப்போது இருந்ததும் போயிற்று. ஒருவன் கழுத்துக்குக் கயிறு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இவர்கள் தவளை யார் வீட்டுச் சொத்து என்று பாகப்பிரிவினை நடத்துகிறார்கள். அதில் ஒருவர் முகத்திலும் வெட்கம் என்ற ஒன்று இல்லை.

"டகெட்டைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"வாயாடி," என்றார் கிர்பி உடனே. "திமிர் பிடிச்சவன். இந்த ஊர்ல இருக்கற ஒவ்வொரு சுவரையும் காட்டி, இது குப்பை அது குப்பைன்னு சொல்லுவான். எங்க கல்யாண வீட்டுக்கு வந்து புகைபோக்கியைத் திட்டிட்டுப் போனான்."

"மனுஷனா அவன்?" என்றார் விக். "கவுன்சில் வீடு கட்டற வேலைக்குப் போனான். செங்கல்லைக் கவுத்து வை, கலவை மிச்சமாகும்னு கண்ட்ராக்டர் சொன்னானாம். கவுத்து வச்சா பள்ளம் காலியா நிக்கும், அது சுவரு இல்ல அட்டைப்பெட்டின்னு கரண்டியை அவன் காலடியில எறிஞ்சிட்டு வந்துட்டான். பள்ளம் மேல பாக்கணுமாம், நிறைய சாந்து போட்டு நிரப்பணுமாம். கோயில் கட்டற நினைப்பு."

"திருடுவானா?"

திட்டுவதற்கு வரிசையில் நின்றவர்களில் இதற்கு யாரும் முன்வரவில்லை.

"அதென்னமோ," என்றார் கிர்பி, "திருடிட்டு அவனால சும்மா இருக்க முடியாதும்மா. கிழவர் பெட்டியை எவ்வளவு கேவலமா பூட்டி வச்சிருந்தார்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பான்."



கிழவரின் பட்டறைத் தோட்டத்துக் கதவில் ஒரு காவலர் நின்றிருந்தார். போலீசைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை என்றார் பெருமையாக. கிழவரின் அண்ணன் மகனைக்கூடவா? அவரைக்கூடத்தான். சுவரை இடித்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. ப்ரூவெட்டின் துண்டுச்சீட்டைக் காட்டிய பிறகு இவர்களுக்கு மட்டும் வழி விட்டார்.

சுவர்மேல் தார்பாலின் போர்த்தியிருந்தது. பிக்லி அதை உருவினான்.

சனிக்கிழமை மதியம் டகெட் கடைசி வரி வைத்து, மேலே சாந்து பூசி முடித்து வீட்டுக்குப் போயிருந்தான். திங்கட்கிழமை மேலே மூடுகல் பதிப்பதாக இருந்தது. அந்த மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில்தான் கிழவர் ஆர்ப்வுட்டின் மண்டையில் அடி விழுந்தது. சாந்து இறுகாத சுவர் இரண்டு செங்கல் அகலத்தில் பக்கத்திலேயே நின்றது. போலீசார் நடுவில் மேல் இரண்டு வரிகளைப் பிடுங்கி வில்லை எடுத்திருந்தார்கள். பிடுங்கிய செங்கற்கள் புல்லில் கிடந்தன.

மிஸ் ப்ளைத் புல்லில் மண்டியிட்டாள். ஒரு கல்லை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்று. பிறகு எழுந்து இடிக்காத பக்கத்திலிருந்து ஒரு கல்லைக் குடைக்கம்பியால் நெம்பினாள். அது லேசில் வரவில்லை. பிக்லி தன் முழு உடம்பையும் கொடுத்தபோது ஒரு கட்டி சாந்தோடு பிய்ந்து வந்தது.

"என்ன தெரியுது?"

"என் முதுகு போச்சுன்னு தெரியுது, மேடம்."

"கல்லைப் பாரு."

பார்த்தான். அவன் பிய்த்த கல்லின் பள்ளம் மேல்நோக்கி இருந்தது, சாந்து வழிய வழிய நிரம்பியிருந்தது. புல்லில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினான். பள்ளம் எல்லாம் சுத்தம். விளிம்பில் மட்டும் கொஞ்சம் சாந்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய மாதிரி. முதுகில் இருக்கும் சாந்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தன.

"ரெண்டு வரி மட்டும் குப்புற," என்றான் பிக்லி. கிண்டல் காணாமல் போயிருந்தது. "அதுவும் வில்லு இருந்த இடத்துக்கு மேல மட்டும். மத்ததெல்லாம் மல்லாக்க."

"டகெட் திருடியிருக்கலாம். கொன்னிருக்கலாம். கல்லைக் கவுத்து வச்சிருப்பானா?"

"அவனா? தூக்குல போட்டாலும் மாட்டான்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"சாந்து காயறதுக்குள்ள வேற யாரோ கல்லை எடுத்து, பள்ளத்துச் சாந்தை வழிச்சுப் போட்டு, வில்லை ஒளிச்சு, திரும்ப வச்சிருக்கான். கவுத்து வைக்கறதுதான் சரின்னு அவனுக்கு நினைப்பு." அவள் முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். "இன்ஸ்பெக்டர் இதைப் பாத்திருப்பார்னு நினைக்கறியா?"

வழியில் ஸ்டேஷனுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். பிடுங்கியபோது செங்கல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது? செங்கல்லுக்கு ஏது பக்கம் என்றார் ப்ரூவெட், செங்கல் செங்கல்தானே.

"அருமை," என்றாள் மிஸ் ப்ளைத். "யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசலியே?"

"தெரியாததை எப்படிப் பேசறது?"

"நீங்க அதுலதானே கெட்டிக்காரர். சரி, தொப்பியைப் போடுங்க. லயனல் சார் வீட்ல தேநீருக்குப் போறோம். தவளையைப் பத்திக் கத்துக்கணும்."



லயனல் ஆர்ப்வுட் வயலின் வியாபாரி. அது வருமானத்துக்கு. பெருமைக்கு அவர் உள்ளூர் வாரப் பத்திரிகையில் சொற்களின் வரலாறு எழுதினார். ஒரு சாதாரணச் சொல் எப்படி ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் புகுந்து வேறு வேறு வேஷம் கட்டுகிறது என்பது அவருடைய சிறப்புப் பொருள். அந்தத் தொழில்களில் ஒன்றையாவது அவர் கையால் தொட்டதாக ஊரில் யாருக்கும் தகவல் இல்லை.

வெளுத்த எலுமிச்சை நிறக் கையுறை போட்ட கையால் கதவைத் திறந்தார். வீட்டுக்குள் எதற்குக் கையுறை என்று பிக்லி பார்த்தான்.

"தோல் வியாதி," என்றார் லயனல். "சித்தப்பாவுக்கு இப்படி ஆனதுலேர்ந்து. மன வேதனை எனக்குக் கையில வரும்."

"எங்களுக்கெல்லாம் கண்ணுல வரும்," என்றான் பிக்லி.

மேசைமேல் தவளைகள் வரிசையாக இருந்தன. வியாழக்கிழமை இலக்கியக் கழகத்தில் பேச எடுத்து வைத்தவை. மரத்தில் செய்த குதிரைக் குளம்பு, பட்டாளத்துத் தோல்பட்டி, தண்டவாள வார்ப்பின் சின்ன மாதிரி, கட்டையோடு ஓர் உடைந்த வில், ஒரு செங்கல். சித்தப்பா சாகக் கிடக்கும் வாரத்தில் சொற்பொழிவு எதற்கு என்று கேட்க ப்ரூவெட்டுக்குத் தோன்றவில்லை. அவர் கோயிலுக்குள் நுழைந்தவர்போலத் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

லயனல் பேச ஆரம்பித்தார். யாரும் தடுக்காவிட்டால் இருட்டும்வரை பேசுவார் என்பது தெரிந்தது. குதிரைக்காரன் தவளையைப் பார்த்தது வடிவத்தில். ரயில்காரன் அதைக் குதிரைக்காரனிடமிருந்து எடுத்துக்கொண்டான். பட்டாளத்துத் தவளை எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை.

"உழைப்பாளிகளுக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்," என்றார். "தினமும் அந்தச் சொல்லை வாயில போட்டு மெல்லுவாங்க. என்ன மெல்லறோம்னு தெரியாது."

"செங்கல்?" என்றாள் மிஸ் ப்ளைத்.

"ஆ, செங்கல்." அதைத் தூக்கிக் காட்டினார். பள்ளத்தைத் தடவினார். பிறகு பள்ளம் கீழே போகும்படி மேசைமேல் வைத்தார். "தவளை சேற்றுல எப்படி உக்காரும்? வயிறு கீழ. அதனாலதான் அந்தப் பேரு. பள்ளம் கீழே சாந்தைக் கவ்விக்கும்."

"தலைகீழா வச்சிருக்கீங்களே."

"மன்னிக்கணும்?"

"அது மல்லாக்கப் படுக்கணும் சார். வாயைத் திறந்துகிட்டு. சாந்தை அது வாயில ஊத்தணும். நீங்க சொல்றதைக் கேட்டா 'வெள்ளை மான்' கடையில இருக்கறவன் பீரைத் துப்பிட்டுச் சிரிப்பான். வியாழக்கிழமை இதைச் சொல்லாதீங்க, மானம் போயிடும்."

லயனலின் கழுத்தில் சிவப்பு ஏறியது. கொலைகாரன் என்று அழைத்திருந்தால் அவர் புன்னகைத்திருப்பார். தப்பு என்று சொல்லிவிட்டாள்.

"மதுக்கடைக்காரன்கிட்ட நான் பாடம் படிக்கணுமா?"

"டகெட்கிட்டயாவது படிச்சிருக்கலாம். அவன் உங்களை சாரத்துலேர்ந்து கீழ தள்ளியிருப்பான், ஆனா கத்துக் குடுத்திருப்பான்."

"டகெட்." அந்தப் பெயரை எச்சிலைப்போல வெளியே தள்ளினார். "அந்தக் கொலைகாரனா எனக்குக் கத்துக் குடுக்கறது? போய் அவன் கட்டின சுவரையே பாருங்களேன். வில்லை ஒளிச்ச இடத்துல ஒவ்வொரு தவளையும் குப்புறத்தான் படுத்திருக்கு."

மிஸ் ப்ளைத் மேசைமேல் இருந்த செங்கல்லைப் புரட்டிப் பள்ளம் மேலே வரும்படி வைத்தாள்.

"ஆமா," என்றாள் மிஸ் ப்ளைத். "குப்புறத்தான் படுத்திருக்கு. நாங்க இன்னிக்குத்தான் பாத்தோம். இன்ஸ்பெக்டரே பாக்கல. மேல கல்லும் சாந்தும் மூடின பிறகு, உள்ளே பள்ளம் எந்தப் பக்கம் இருக்குன்னு வெளியேர்ந்து எவனாலும் சொல்ல முடியாது. இடிச்சப்போ நீங்க ஆஸ்பத்திரியில. அப்புறம் உங்களை உள்ளே விடல. உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

லயனல் கையுறை போட்ட கையை மேசையிலிருந்து இழுத்துக்கொண்டார்.

பிக்லி அவருடைய வலது கையைப் பிடித்துக் கையுறையை உருவினான். விரல் நுனிகளில் தோல் வெந்து வெடித்திருந்தது, சிமெண்டுக் கலவையில் வெறுங்கையை விட்டவன் கை. இடது கையையும் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

"மன வேதனை நல்லா பூசியிருக்கார்," என்றான்.

ப்ரூவெட் தொப்பியை மேசைமேல் வைத்தார். "ஆனா... ஏன்? சொந்தச் சித்தப்பா."

"அந்த உடைஞ்ச வில்லை எடுங்க," என்றாள் மிஸ் ப்ளைத். "கட்டைக்கு மேல பாருங்க. ஆர்ப்வுட் முத்திரை. கிழவர் கையால செஞ்சதா இது? கம்பு வளைஞ்சு கிடக்கு. மட்டமான வில்லுல அவர் முத்திரையைக் குத்தி இவர் வித்துக்கிட்டிருந்தார். காலையில கிழவரோட பட்டறைச் சிஷ்யன்கிட்ட பேசினேன், உங்க ஆளுங்க அவனைக் கேக்கவே இல்ல. சனிக்கிழமை கிழவர் ஒரு போலி வில்லைக் கையில வச்சுக்கிட்டு இவருக்காகக் காத்திருந்தாராம். திருட்டே இல்ல இது. திருட்டு மாதிரி தெரியணும், திருடன் கொத்தனா இருக்கணும், அதுக்குத்தான் வில்லு சுவருக்குள்ள போச்சு."

"அவர் தொல்லை..." என்று லயனல் ஆரம்பித்தார். "ஒரு முத்திரைதானே? பேருதானே? அதைப்போய்..." பிறகு தன் எதிரில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். ப்ரூவெட் விலங்கை எடுத்தார். அதை மாட்ட இரண்டு முறை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

வாசலில் ப்ரூவெட் அவளை நிறுத்தினார். "ஒண்ணே ஒண்ணு. கிழவர் தவளைன்னு சொன்னாரே, கடைசியில அது எந்தத் தவளை? வில்லா, செங்கல்லா?"

மிஸ் ப்ளைத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஏளனத்தை அவர் ஓய்வு பெறும்வரை சுமந்திருக்கவேண்டும்.

"கிழவர் ஒண்ணுமே சொல்லல. சொன்னதா சொன்னது இந்த ஆள். பக்கத்துல வேற யாரு இருந்தா? உங்களைச் சுவர்கிட்ட கூட்டிட்டுப் போக ஒரு சொல் வேணும், செஞ்சு குடுத்தார். மூணு நாளா ஊரே சேர்ந்து அர்த்தம் தேடிக்கிட்டிருந்தது, யாருமே சொல்லாத சொல்லுக்கு."

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் ப்ரூவெட்டுக்குப் பழக்கதோஷம் திரும்பி வந்துவிட்டது. பெஞ்சிலிருந்த நோராவின் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"திருமதி டகெட், இதுல ஒரு சின்ன குழப்பம் நடந்துபோச்சு. தவளைங்கற சொல்லை எடுத்துக்கிட்டா, அதுக்குத் தொழிலுக்குத் தொழில்..."

நோரா எழுந்தாள். மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சாவிய எடுங்க," என்றாள்.